மாயழகுவின் நிலுவை

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு
மாயழகுவைப் பிறக்கவைத்தேன்.
ஊர் செல்லூர்.
ஐம்பத்தாறாம் வருஷம், பிப்ரவரி இருபத்தொன்பது.
மற்ற தேதிகளில் பிறந்தவர்களை வைத்து
எதையும் உடைக்க முடிவதில்லை.

வடபழஞ்சியில் மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் மூலையில் என் நாற்காலி.
ஜன்னல் நெடுக நாகமலை
முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது,
வேலை கேட்டுவிடுவார்களோ என்று.

பிறப்பு, இறப்பு, வீட்டு வரி, குடிநீர்:
நான்கு பதிவேட்டையும் ஒன்றாக்கும் மென்பொருள்.
தனித்தனியே நான்கும் தேறிவிட்டன.
அண்ணன் தம்பிகள் தனித்தனியே தங்கம்தான்,
பாகப் பத்திரம் எழுத
ஒரே பாயில் உட்காரும் வரை.
அந்தப் பாயை விரிப்பதுதான்
என் சம்பளம்.

முன்னெழுத்துக்கு ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தான்
துளசிராம்.
வீட்டுப்பெயர், தாத்தா, அப்பா என்று
அவனுக்கே மூன்று.
"உன் கட்டத்துக்குள்ள நீயே நுழைய மாட்டியேப்பா."
சிரித்தான்.
சிரித்ததோடு சரி, புதன் சாயங்காலம் வரை.

அதற்குள் மாயழகுவுக்கு
வீடு வந்தது, பதினாலின் கீழ் மூன்று.
குழாய் வந்தது. வரி வந்தது.
செல்பேசி எண் கட்டாயம் என்றது.
என்னுடையதைக் கொடுத்தேன்.

வியாழன் மதியம்
தயிர்சாத டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து
அவனைக் கொன்றேன்.
முதலில் பிப்ரவரி முப்பதாம் தேதி:
அப்படி ஒரு நாள் இல்லை என்றது.
பிறகு பிறந்ததற்கு முந்தின நாள்:
அதற்கும் மறுத்தது. நல்லது.
கடைசியில் சாதாரணமாக, போன மாதம்,
நெஞ்சுவலி.

சான்றிதழ் அழகாக வந்தது.
பதினோராவது விநாடியில்
மேஜைமேல் என் போன் துடித்தது.
அன்புள்ள மாயழகு,
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நிலுவை.
உடனே செலுத்தவும்.

பிழை எண் 1187.
செத்தவருக்கு நோட்டீஸ் போகிறது.
கடுமை: அதிகம்.

துளசிராம் திருப்பி அனுப்பினான்.
நான் திருப்பித் திருப்பி அனுப்பினேன்.
பஞ்சாயத்துக்கு வந்தார் பில் கலெக்டர் சந்தனபாண்டி,
டீயை ஊதிக்கொண்டே படித்தார்.
"இதுல என்னம்மா தப்பு?
மகன் பேருக்கு மாத்துற வரைக்கும்
செத்த ஆளுதான் கட்டணும்.
என் வார்டுல பாதித் தெரு அப்படித்தான் ஓடுது."

1187 மூடப்பட்டது.
காரணம்: எதிர்பார்த்தபடியே இயங்குகிறது.

வெள்ளி ராத்திரி ஒன்பதரை.
திங்கள் முதல் நிஜ மனிதர்கள் வருகிறார்கள்,
பொய் மனிதர்களைத் துடைத்து வை என்று உத்தரவு.
முந்நூற்று நாற்பது பேர்.
இரட்டைக் குழந்தைகள், பெயரே வைக்காத ஒரு சிசு,
நூற்றுப் பதினாறு வயது ராக்கம்மாள்,
வயதையே சொல்லாத ஜைனம்பு,
எல்லோரும் ஒரே சொடுக்கில் போனார்கள்.
ஒருவனைத் தவிர.

நிலுவை உள்ளவரை நீக்க இயலாது.

மேலே கேட்டேன், கீழே கேட்டேன்,
எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.
சோதனைக்கென்று கொடுத்த பொய்க் கார்டை எடுத்து
நானூற்றுப் பன்னிரண்டும் கட்டினேன்.
பிரிண்டர் முனகி ரசீது தள்ளியது.
மாயழ என்று இருந்தது,
அப்புறம் ஒரு வெற்றுச் சதுரம்.
எழுத்துரு கோளாறு.
பேனாவால் சதுரத்துக்குள் கு போட்டேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

இப்போது நீக்கலாமா என்றது.
ஆம்.
உறுதியாகவா?
ஆமாம் என்றால் ஆமாம்.

காளவாசல் சிக்னலில் கேப் நின்றது.
எண்பது விநாடி, எழுபத்தொன்பது.
முன்னால் மல்லிகைக் கூடைகளோடு ஒரு ஆட்டோ.
போன் துடித்தது.

அன்புள்ள மாயழகு,
தங்கள் கட்டணத்துக்கு நன்றி.
அடுத்த அரையாண்டு வரி
அக்டோபர் முதல் தேதி.

1188 என்று பதிய
மடிக்கணினியைத் திறந்தேன்.
சார்ஜ் இல்லை.